ஏரியல் பிடித்தவன்

விளையாட்டு ரசிகனைப் போலக் கடமை தவறாத ஊழியன் உலகத்தில் கிடையாது. சம்பளம் இல்லை, லீவு இல்லை, யாருக்காக உழைக்கிறானோ அவருக்கு இவன் இருப்பதே தெரியாது. ஆனாலும் லண்டனில் ஒருவர் சர்வீஸ் போடப் பந்தைத் தட்டும்போது, அம்பாசமுத்திரத்தில் ஒருவன் கால் மரத்துப்போனாலும் மாற்றாமல் உட்கார்ந்திருப்பான். மாற்றினால் டபுள் ஃபால்ட் ஆகிவிடும். அதில் அவனுக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை.

நான் அந்த உத்தியோகத்தில் சேர்ந்தது 1980 ஜூலை 5, சனிக்கிழமை சாயங்காலம். வேலைக்கு எடுத்தவர் என் சித்தப்பா.

சித்தப்பா மில்லில் கணக்கு எழுதுகிறவர். மில் கிளப்பில் ஒரு மண் கோர்ட் இருந்தது. மார்க்கர் காலையில் தண்ணீர் தெளித்து, ரோலர் உருட்டி, சுண்ணாம்பில் கோடு போட்டு வைப்பார். ஆபீசர்கள் வராத நாளில் மார்க்கர் எதிர்ப்பக்கம் நிற்க, சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடுவார். ஊரில் டென்னிஸ் பற்றிப் பேச அவருக்கு ஆள் கிடையாது. யாராவது மாட்டினால் ராமநாதன் கிருஷ்ணனில்தான் தொடங்குவார். "நாகர்கோயில்ல பொறந்தவருல்லா! 1960, 61 ரெண்டு வருசமும் விம்பிள்டன் செமி ஃபைனல். தோத்தது ஆருகிட்ட? ஃப்ரேசர், லேவர். ரெண்டு பேரும் அந்தந்த வருசம் கப்பு வாங்கினவன்." தோல்வியைக்கூடக் கணக்கில் வரவாக எழுதத் தெரிந்தவர்.

எங்கள் ஊருக்கு டிவி வர இன்னும் பல வருஷம் இருந்தது. சித்தப்பாவிடம் இருந்தது ஒரு டிரான்சிஸ்டர். அதில் ஷார்ட் வேவில் பி.பி.சி. உலக சேவை வரும். வரும் என்றால், நினைத்தால் வரும். முள்ளை ஒரு மயிரிழை நகர்த்தினால் சீனாக்காரன் பேசுவான், இன்னும் ஒரு மயிரிழைக்கு யாரோ பிரார்த்தனை செய்வார்கள். இரண்டுக்கும் நடுவில் எங்கோ விம்பிள்டன் இருந்தது. அதைக் கண்டுபிடித்த பிறகு யாராவது ஏரியலைத் தொட்டுக்கொண்டிருந்தால் சத்தம் தெளியும், கையை எடுத்தால் இரைச்சல் மூடிக்கொள்ளும். அன்றைக்குத் தொட்டவன் நான்.

"அப்படியே புடிச்சுக்கோ. அசையாத."

பிடித்துக்கொண்டேன். பியான் போர்க் எதிர் ஜான் மெக்கன்ரோ. போர்க் தொடர்ந்து நான்கு வருஷம் பட்டம் வாங்கியவர், 24 வயது. மெக்கன்ரோவுக்கு 21. அரையிறுதியில் நடுவர்களோடு அவர் போட்ட சண்டைக்காக, இறுதி ஆட்டத்துக்கு உள்ளே நுழைந்தபோதே கூட்டம் கூச்சல் போட்டது. சித்தப்பாவுக்கு அது திருப்தி. "போர்க்கப் பாரு. அடிச்சாலும் பேச மாட்டான், தோத்தாலும் பேச மாட்டான். பெத்தவங்க சொல்லக் கேட்டு வளந்த பிள்ள."

நான் மெக்கன்ரோ கட்சி. சுருட்டை முடியும் சிவப்புத் தலைப்பட்டியுமாக ஸ்போர்ட்ஸ்டார் பத்திரிகையில் ஒரு படம் பார்த்திருந்தேன். எங்கள் வாத்தியார்கள் யாருக்குமே பிடிக்காத முகம். அது போதுமானதாக இருந்தது. ஆனால் இதை வெளியில் சொல்லவில்லை. ஏரியல் கையில் இருக்கும்போது கட்சி பேசக் கூடாது.

எனக்கிருந்த இங்கிலீஷுக்குப் புரிந்தது இரண்டு பெயர்களும் எண்களும்தான். மற்றதெல்லாம் ஓசை. பந்து மட்டையில் படும் 'டொக்', மறுபடி ஒரு 'டொக்', பிறகு கைதட்டல். யாருக்கு என்பது அதற்கப்புறம்தான், நடுவர் ஸ்கோர் சொல்லும்போது தெரியும். அந்த ஒரு விநாடி இடைவெளியில் சித்தப்பாவும் நானும் ஒரே கைதட்டலுக்குத் தனித்தனியாகச் சந்தோஷப்பட்டுக்கொள்வோம்.

முதல் செட் மெக்கன்ரோவுக்கு 6-1. அடுத்த இரண்டும் போர்க்குக்கு. நான்காவதில் போர்க் 5-4, தன் சர்வீஸில் 40-15. இரண்டு சாம்பியன்ஷிப் பாயிண்ட். சித்தப்பா அல்வாப் பொட்டலத்தின் நூலை அவிழ்க்க ஆரம்பித்தார். மெக்கன்ரோ இரண்டையும் காப்பாற்றி, சர்வீஸையும் பறித்தார். சித்தப்பா நூலை மறுபடி கட்டினார். ஸ்கோர் 6-6 ஆகி டைபிரேக் வந்தது. ஏழு பாயிண்ட் எடுக்க வேண்டும், இரண்டு பாயிண்ட் வித்தியாசம் இருக்க வேண்டும். சில நிமிஷத்தில் முடிகிற காரியம். அன்றைக்கு அது 34 பாயிண்ட் போனது. போர்க்குக்கு இன்னும் ஐந்து சாம்பியன்ஷிப் பாயிண்ட் கிடைத்தது, ஐந்தும் போயிற்று. ஒவ்வொரு முறையும் சித்தப்பா என் கையைத்தான் பார்த்தார்.

"நீ என்னமோ செய்யுத."

"ஒண்ணும் செய்யல சித்தப்பா."

செய்யவில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். விரல் வியர்த்துச் சற்று வழுக்கியிருக்கலாம்.

டைபிரேக் 18-16, மெக்கன்ரோவுக்கு. ஐந்தாவது செட்டில் ரேடியோவின் குரல் இறங்கத் தொடங்கியது. பேட்டரிக் கட்டை தீர்ந்துகொண்டிருந்தது. மத்தியானம் முழுக்க மாடியில் வெயிலில் காயவைத்து உயிர் கொடுத்த பழைய கட்டைகள்தான் அவை. அதற்குமேல் அவற்றிடம் கேட்பது நியாயமில்லை. சித்தப்பா எழுந்து போய், உத்தரத்துக்குக் கீழே ஆணியில் தொங்கிய டார்ச்சைத் திறந்து உள்ளேயிருந்ததை உருவிக்கொண்டு வந்தார். அந்த டார்ச் ஆச்சியுடையது. ராத்திரி புறவாசலுக்குப் போக அதுதான் துணை. கட்டை மாற்றி முடித்து மறுபடி லண்டனைப் பிடிப்பதற்குள் ஒரு கேம் போய்விட்டது. அதே நேரத்தில் ஆச்சி எழுந்துவிட்டாள்.

"டார்ச்சு எரியலயே. ஏல, கட்டைய எவம்ல எடுத்தான்?"

"செத்த இரும்மா. போர்க் சர்வீஸ் போடுதான்."

"அவன் போடட்டும். நான் எங்கல போறது?"

பதில் இல்லை. அந்த வீட்டில் இரண்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், மூன்றாமவள் வேறு எதையோ. போர்க் 8-6 என்று முடித்தார். கிட்டத்தட்ட 4 மணி நேர ஆட்டம், ஐந்தாவது தொடர் பட்டம். சித்தப்பா அந்த டார்ச்சை எரியவைத்துத் தாமே ஆச்சியைப் புறவாசல்வரை கொண்டுபோய் விட்டார். எனக்கு அல்வா கிடைத்தது. தோற்ற கட்சிக்காரனுக்கும் அல்வா இனிப்பாகத்தான் இருந்தது.

போர்க் முழங்காலிட்டு நின்ற படத்தைப் பத்திரிகையில் பார்த்தது பின்னால்தான். அதற்குள் அந்த ஆட்டத்தை நான் மனதுக்குள் படம் பிடித்து முடித்துவிட்டேன். பல வருஷம் கழித்து அந்த டைபிரேக் யூடியூபில் கிடைத்தது. வெள்ளைப் பந்து, மர மட்டை, வலைக்குப் பக்கத்தில் தேய்ந்துபோன புல். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் நான் ஏரியல் வழியாகப் பார்த்த மெக்கன்ரோ இன்னும் ஓர் அடி உயரம்.

ஆச்சி சித்தப்பாவைப் பைத்தியம் என்று சொன்னாள். ஆனால் அந்தப் போர்க்கே விம்பிள்டன் முடிகிறவரை தாடியை எடுக்க மாட்டார். அவருடைய அம்மாவைப் பற்றி ஒரு கதை உண்டு. 1979 இறுதி ஆட்டத்தில் மிட்டாய் ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டே பார்த்தாராம். மகனுக்கு மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்ட் வந்ததும், இனி என்ன என்று துப்பிவிட்டார். மூன்றும் கைவிட்டுப் போயின. உடனே அந்த மிட்டாயைத் தரையிலிருந்து பொறுக்கி மறுபடி வாயில் போட்டுக்கொண்டார். மகன் ஜெயித்தார். அந்த அம்மாள் எங்கள் ஊரில் பிறந்திருந்தால் சித்தப்பாவுக்குப் பேச ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

அடுத்த வருஷமே இறுதி ஆட்டத்தில் போர்க் மெக்கன்ரோவிடம் தோற்றார். 26 வயதில் டென்னிஸை விட்டார். சித்தப்பா அதற்கு முன்பே டென்னிஸை விட்டிருந்தார். உத்தியோகம் என் தலையில் விழுந்தது.

சென்னைக்கு வந்த பிறகு நேரிலேயே பார்க்கலாம் என்று ஆனது. 2008 ஜனவரியில் நுங்கம்பாக்கம் அரங்கத்தில், அரையிறுதியில் ரஃபேல் நடாலும் கார்லோஸ் மோயாவும் ஆடினார்கள். மூன்றே செட், மூன்றும் டைபிரேக், அதுவும் கிட்டத்தட்ட 4 மணி நேரம். நடால் ஜெயித்தார். நேரில் பார்க்கும்போது ரசிகனுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஆயிரக்கணக்கான பேர் ஆளுக்கொரு ராசியோடு உட்கார்ந்திருக்கும்போது யாருடையது செல்லும்? நான் எதற்கும் இருக்கட்டும் என்று மறுநாள் இறுதி ஆட்டத்துக்கும் அதே சட்டையில் போனேன். நடால் 0-6, 1-6 என்று யூஷ்னியிடம் தோற்றார், உட்கார்ந்த இடம் சூடாவதற்குள். முந்தின நாள் ஆட்டத்தில் கால் ஓய்ந்துபோயிருந்தது என்று எழுதினார்கள். மருத்துவக் காரணம் எல்லாவற்றுக்கும் இருக்கும். சட்டையைத் துவைக்கப் போட்டது மனைவி.

என் பணிப்பதிவேட்டில் கருப்புப் புள்ளி விழுந்தது 2019 ஜூலை 14-ல். அன்று ஒரே ஊரில் இரண்டு இறுதி ஆட்டங்கள். லார்ட்ஸில் இங்கிலாந்து-நியூசிலாந்து உலகக் கோப்பை, விம்பிள்டனில் ஃபெடரர்-ஜோகோவிச். வீட்டில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தாவது செட்டில் ஃபெடரர் 8-7, தன் சர்வீஸில் 40-15 என்று போனில் பார்த்தேன். இரண்டு சாம்பியன்ஷிப் பாயிண்ட். 38 வயதைத் தொடப்போகிற மனிதர். "ரெண்டே நிமிஷம்" என்று கெஞ்சி ரிமோட்டை வாங்கி மாற்றினேன். முதல் பாயிண்டில் ஃபெடரரின் ஃபோர்ஹேண்ட் வெளியே போயிற்று. இரண்டாவதில் அவர் வலைக்கு ஓடிவர, ஜோகோவிச் குறுக்கே அடித்துக் கடத்தினார். பிறகு 12-12 வரை இழுத்து, அந்த வருஷம்தான் கொண்டுவந்திருந்த டைபிரேக்கில் ஃபெடரர் தோற்றார். 4 மணி 57 நிமிஷம்; விம்பிள்டன் இறுதி ஆட்டங்களில் அதுதான் நீளமானது. மொத்தப் பாயிண்டுகளைக் கூட்டினால் ஃபெடரர் 218, ஜோகோவிச் 204. அதிகம் எடுத்தவர் தோற்றார். லார்ட்ஸிலோ சூப்பர் ஓவரும் சமமாகி, பவுண்டரிகளை எண்ணிக் கோப்பையைக் கொடுத்தார்கள். கணக்கு எழுதிய சித்தப்பா இருந்திருந்தால் இரண்டு பேரேட்டிலும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்.

வீட்டில் கணக்கு வேறு விதமாக முடிந்தது. "அப்பா பாக்க ஆரம்பிச்ச உடனே தோத்துட்டாரு" என்றாள் மகள். அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அறிவியலில் நல்ல மார்க் வாங்குகிறவள். அவள் சொன்னால் நிரூபிக்கப்பட்ட மாதிரி.

எனவே 2025 ஜூன் 8 அன்று ஃபிரெஞ்சு ஓபன் இறுதி ஆட்டத்துக்கு டிவி முன்னால் உட்கார்ந்தபோது, நான் நிபந்தனை ஜாமீனில்தான் இருந்தேன். அல்கராஸ், சின்னர். மகள் அல்கராஸ் கட்சி, நானும் அதுவே. மனைவி சின்னர். "எவ்வளவு அமைதியான பையன். ஒரு பேச்சு கிடையாது" என்றாள். யாரோ அம்பாசமுத்திரத்திலிருந்து பேசுவது போலிருந்தது.

இப்போது ரசிகனுக்கு என்ன குறை? பந்து மண்ணில் கிளப்பும் செந்தூள் ஒவ்வொரு துகளாகத் தெரிகிறது. சர்வீஸ் எத்தனை கிலோமீட்டர் வேகம், பந்து எத்தனை சுற்று சுழன்றது, இவர் ஜெயிக்க எத்தனை சதவீத வாய்ப்பு என்று திரையின் ஓரத்தில் ஓடுகிறது. அந்தக் காலத்தில் கோச் கண்ணசைத்தாலே குற்றம். இப்போது பெட்டியில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லிக்கொடுக்கலாம். விம்பிள்டனில் கோட்டருகே நின்ற நடுவர்கள் 2025-ல் வீட்டுக்குப் போய்விட்டார்கள், இயந்திரமே 'அவுட்' என்கிறது. பாரிஸில் மட்டும் நடுவர் நாற்காலியை விட்டு இறங்கி வந்து, மண்ணில் பந்தின் தடத்தைக் குனிந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார். எங்கள் மார்க்கர் இருந்தால் அந்த ஒரு ஊரில் அவருக்கு வேலை கிடைக்கும்.

குறை ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் ஆட்டம் இணையத்தில் வருகிறது. மாடி வீட்டில் டிஷ் ஆன்டெனா. மகளின் போனில் ஸ்கோர் மட்டும் வரும். ஒரு பாயிண்ட் முடிந்தால் முதலில் போனுக்குத் தெரியும், அடுத்து மாடி வீட்டுக்கு, கிட்டத்தட்ட அரை நிமிஷம் கழித்து எங்களுக்கு. எங்கள் திரையில் அல்கராஸ் அப்போதுதான் பந்தைத் தட்டிக்கொண்டிருப்பார். மகளின் முகத்தில் அவர் ஏற்கனவே தோற்றிருப்பார். 1980-ல் போர்க் அடித்த 'டொக்' கண்ணிமைக்கும் நேரத்துக்குள் ஷார்ட் வேவில் அம்பாசமுத்திரம் வந்து சேர்ந்தது. நாற்பத்தைந்து வருஷ முன்னேற்றத்தில் அரை நிமிஷம் பின்னால் வந்திருக்கிறோம்.

அந்தத் தொடரில் அதுவரை ஒரு செட்டும் இழக்காத சின்னர் முதல் இரண்டு செட்டையும் எடுத்தார். மூன்றாவது அல்கராஸுக்கு. நான்காவதில் சின்னர் 5-3. அல்கராஸ் சர்வீஸ், 0-40. மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்ட். மகள் போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சித்தப்பா பார்த்த அதே பார்வை.

"அப்பா, கொஞ்சம் வெளிய போறீங்களா?"

போனேன். போனை வாங்கி வைத்துக்கொண்டுதான் அனுப்பினாள். மொட்டை மாடியில் ஏற்கனவே ஒருவர் உலாத்திக்கொண்டிருந்தார். மாடி வீட்டு சார், வங்கியில் ஓய்வு பெற்றவர்.

"உங்களயுமா?" என்றார்.

"ஆமா சார். நீங்க?"

"நாங்க சின்னர். நான் ரெண்டாவது செட்டு முழுக்க இங்கதான். அதான் ஜெயிச்சான். மூணாவதுல சாப்பிடப் போனேன், போச்சு."

இரண்டு பேரும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று மூட்டுவலியைப் பற்றிப் பேசினோம். காது மட்டும் கீழே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் வீட்டிலிருந்து 'ச்சே' என்று ஒரு சத்தம். அவர் முகம் சுருங்கியது. அரை நிமிஷம் கழித்து எங்கள் வீட்டிலிருந்து மகளின் கூச்சல். இப்படி மூன்று முறை. மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்டும் போய்விட்டது என்று புரிந்துகொண்டோம். அதற்கப்புறம் ஆட்டம் எங்களுக்குச் சிரமமில்லாமல் போயிற்று. அவர் வீட்டில் பெருமூச்சு, அரை நிமிஷத்தில் எங்கள் வீட்டில் கைதட்டல். அவர் வீட்டில் விசில், அரை நிமிஷத்தில் எங்கள் வீட்டில் மௌனம். நான்காவது செட் டைபிரேக்கில் அல்கராஸுக்கு என்பதை ஒரு படமும் பார்க்காமல், ஓர் எண்ணும் கேட்காமல் தெரிந்துகொண்டோம். கையில் ஏரியல் இல்லாததுதான் பாக்கி.

ஐந்தாவது செட்டில் தாகம் எடுத்தது. நிஜமான தாகம். தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். அல்கராஸ் 5-4, ஜெயிக்க சர்வீஸ் போட்டுக்கொண்டிருந்தார். செம்பைத் தூக்கியபடி ஓரக்கண்ணால் பார்த்தேன். சின்னர் சர்வீஸைப் பறித்துவிட்டார்.

"அப்பா!"

மறுபடி மாடி. சார் என்னை நன்றியோடு பார்த்தார். "இன்னும் ஒரு தரம் தண்ணி குடிச்சிட்டு வாங்களேன்" என்றார். நான் மறுத்துவிட்டேன். 6-6 ஆகி, 10 பாயிண்ட் டைபிரேக் வந்தது. கீழே மாடி வீட்டிலிருந்து சத்தமே இல்லை. எங்கள் வீட்டில் மட்டும் அடுத்தடுத்துக் கூச்சல். 10-2. நள்ளிரவு தாண்டியிருந்தது. 5 மணி 29 நிமிஷம். ஃபிரெஞ்சு ஓபன் இறுதி ஆட்டங்களில் அத்தனை நீளமானது அதுவரை இல்லை. மொத்தப் பாயிண்டில் சின்னர் 193, அல்கராஸ் 192. மறுபடியும் அதிகம் எடுத்தவர் தோற்றார். சார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், நான் ஆடி ஜெயித்தது போல. நானும் மறுக்கவில்லை.

மறுநாள் சுருக்கத் தொகுப்பைப் பார்த்தேன். முடிவு தெரிந்திருந்ததால் நிம்மதியாக இருந்தது. 0-40-ல் அல்கராஸ் முகத்தில் பதற்றமே இல்லை. நான் மாடியில் இருக்கிறேன் என்று அவருக்குத் தகவல் போயிருக்க வேண்டும்.

ஐந்து வாரம் கழித்து, ஜூலை 13 அன்று விம்பிள்டன் இறுதி. மறுபடி அதே இருவர். மகள் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தாள், மனைவி ஒரு கல்யாண வரவேற்புக்கு. வீட்டில் நான் மட்டும். விரட்ட ஆள் இல்லை. காலை நீட்டி, முறுக்குத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, முதல் பந்திலிருந்து கடைசிப் பந்துவரை இடத்தை விட்டு அசையாமல் பார்த்தேன். முதல் செட் அல்கராஸ் 6-4. அடுத்த மூன்றும் சின்னர், 6-4, 6-4, 6-4.

கோப்பையைக் கொடுப்பதற்குள் போன் அடித்தது. மகள். குசலம் விசாரிக்கவில்லை.

"அப்பா, உண்மையச் சொல்லுங்க. யாரக் கேட்டு உள்ள உக்காந்தீங்க?"